லீற்றர் எடை

உக்குவளைச் சந்தியில் மழை.
நாற்பத்தெட்டு மூடைக்கும் தறப்பாள் போர்த்தி
கந்தோர் வாசலில் லொறி நிற்கிறது.
படிவத்தில் நான் நிற்கிறேன்:
செ. பவளராணி, மாத்தளை,
ஏற்றுமதியாளர், சிறு அளவு,
பெண் என்ற கட்டத்தில் ஒரு சரி.

ஏக்கநாயக்க மாத்தயா கூர்க்குழாயை
மூடையின் இடுப்பில் குத்துகிறார்.
கறுப்பாய்ச் சொரிகிறது.
பித்தளைக் குவளை நிறையும்வரை ஊற்றி,
தட்டாமல், குலுக்காமல்,
மேலே தடியால் ஒரே இழுப்பு.
"ஐந்நூற்று முப்பத்தொன்று"
என்கிறார், முகம் பார்க்காமல்,
என்னையே நிறுத்தது போல.

வாங்குகிறவன் கேட்டது
லீற்றருக்கு ஐந்நூற்று ஐம்பது கிராம்.
குறைகிற பத்தொன்பதும் காற்று.
சிறுத்தாலும் காரம் போகாதென்பது
கடுகுக்குச் சொன்னது.
வெறுவயிற்று மிளகு கப்பல் ஏறாது.

ஈரம் பதின்மூன்று புள்ளி எட்டு.
அதைச் சிவப்பில் எழுதுகிறார்.

இதே கைதான்
மூன்று வருடம் முந்தி
என் உலர்த்திக்குப் பாதிப் பணம் எழுதியது.
அன்றைக்கு நீலப் பேனா.
படமும் எடுத்தார்கள்: நான், உலர்த்தி,
பின்னால் மும்மொழிப் பதாகை.
அதில் மிளகு "மிழகு" ஆகியிருந்தது.
சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.
இன்றும் அந்தச் சுவரில் அதே மிழகு.

கொழும்புக்கும் கூட்டிப்போனார்கள்.
பகல் சாப்பாடு இலவசம்,
பொதி கட்டுவது பற்றி ஒரு நாள்,
ஜெர்மன்காரனுக்குக் கடிதம் எழுத அரை நாள்.
திருப்பி அனுப்பப்பட்ட லொறியில்
சாரதிக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவதென்று
யாரும் படிப்பிக்கவில்லை.

காற்று எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும்.
இரத்தோட்டைப் பக்கம் இரவில் டோர்ச் வெளிச்சம்
கிளிரிசீடியா மரம் மரமாய் ஏறுகிறது.
விடியும்போது கொடி மொட்டை.
களவுக்குப் பயந்து உக்குபண்டா
பிஞ்சிலேயே பறித்துவிட்டான்.
அவனிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவேன்?
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த லொறி பெரிய கம்பனியுடையது.
குவளை நிறைகிறது, தடி இழுக்கிறது:
ஐந்நூற்று எழுபத்தைந்து.
ஈரம் பதினொன்று. கல் இல்லை, காம்பு இல்லை.
மாத்தயா ஒரு மணியை எடுத்துக் கடிக்கிறார்,
நிற்கிறார்,
எனக்கும் ஒன்றை நீட்டுகிறார்.

கடித்தேன்.
உறைப்பு நாக்கின் நுனியில் முடிந்தது.
நம் மலை மிளகு தொண்டைவரை இறங்கி
அங்கே கொஞ்ச நேரம் குந்தியிருக்கும்.
இது வேறெங்கோ காய்ந்தது.
ஒரு கப்பலில் வந்து
இங்கே பெயர் மாற்றிக்கொண்டு
இன்னொரு கப்பல் ஏறப் போகிறது.

"என்ன சொல்றீங்க?" என்றார்.
நாக்கு உங்கள் கருவிப் பட்டியலில் இல்லையே என்றேன்.
சிரிக்கவில்லை.
இரண்டு பைகளில் மாதிரி அள்ளி அரக்கு வைத்து
"பிறப்பிடம்: ஆய்வுக்கு" என்று எழுதினார்.
கம்பனிச் சாரதி போனை எடுத்து
யாரையோ "சேர்" என்று கூப்பிட்டான்.
மாத்தயாவின் கழுத்து வியர்த்தது, அந்தக் குளிரில்.

அந்த லொறி பிறகு போனதா
நான் விசாரிக்கவில்லை.
எனக்கு நாற்பத்தெட்டு மூடை வேலை இருந்தது.

இரவு முழுக்க உலர்த்தி இரைந்தது,
பாதி அரசாங்கச் சத்தம், பாதி என் கடன்.
விடிந்ததும் நாலு பெண்களும் நானும்
சுளகெடுத்துப் புடைத்தோம்.
கனமில்லாதது பறந்து சாக்கில் விழுந்தது.
ஒன்பது மூடை, எண்ணெய்க்காரனுக்கு,
அரை விலை.
கப்பல் இதற்குள் போயிருக்கும்.
அடுத்தது புதன்கிழமை.

மறுபரிசோதனைக்கும் ஒரு படிவம்.
"செய்யப்பட்ட திருத்தம்" என்ற இடத்தில்
இரண்டு விரல் அகலம் விட்டிருந்தார்கள்.
களவை எழுதலாமா, பிஞ்சை எழுதலாமா
என்று பேனாவோடு நின்றுவிட்டு
எழுதினேன்:
காற்று நீக்கப்பட்டது.